எனக்கும் ஒரு பக்கம்

ஜனவரி 6, செவ்வாய்

இன்று மகள் அர்வா என்னைக் கம்ப்யூட்டரில் அவள் பக்கத்திலிருந்து வெளியேற்றிவிட்டாள்.

தப்பு என்னுடையதுதான். திரையின் மூலையில் 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்று சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. சவூதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்குச் சிவப்பைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. அமுக்கிவிட்டேன். அதிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை ரம்மி ஆட வரச்சொல்லி விளம்பரம் வருகிறது. அவளுடைய ஆன்லைன் வகுப்பின் நடுவிலும் வந்திருக்கிறது. வகுப்பு மொத்தமும் பார்த்திருக்கிறது.

"வாப்பா, இனிமே என் பக்கம் வராதீங்க. பாஸ்வேர்ட மாத்திட்டேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாவப்பட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்று, பக்கம் இரண்டு. சுவிட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸ் ஏழு என்றால் என் மனைவி பானுவுடையது. அவளுடைய எம்பிராய்டரி டிசைன் மென்பொருள் அந்தப் பழசில்தான் ஓடும். விண்டோஸ் பத்து என்றால் மகளுடையது. கல்லூரிப் பாடம், படம், பாட்டு எல்லாம் அங்கே. கம்பெனியில் ஆட்குறைப்பு செய்து, மூன்று மாதத்துக்கு முன் மேலப்பாளையம் வந்து சேர்ந்த எனக்கு எந்தப் பக்கமும் இல்லை.

ஜனவரி 7, புதன்

சமையலறை டப்பாக்களை அளவு வாரியாக அடுக்கி, பெயர் எழுதி ஒட்டினேன். பானு வந்து பார்த்தாள். எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வரும் வழியில் ஜெனோ போன் செய்தான். தம்மாம் கேம்பில் ஒன்பது வருடம் எனக்குப் பக்கத்துக் கட்டில். கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன். இப்போது புன்னைக்காயலில் படகுகளின் ஜிபிஎஸ் கருவிகளைப் பழுது பார்க்கிறான்.

"என்ன வே, வீட்டுல எப்படி இருக்கீரு?"

ரம்மி கதையைச் சொன்னேன். அரை நிமிடம் சிரித்தான்.

"ரெண்டு கெடக்கிற எடத்துல மூணாவதா ஒண்ணு போட வேண்டியதுதான? லினக்ஸ் போடும். காசும் கெடையாது, ரம்மியும் வராது. உமக்குன்னு ஒரு பக்கம்."

"அவுங்க ரெண்டு பேரு பக்கமும் போயிராதே?"

"ஒழுங்கா போட்டா போகாது."

அந்த 'ஒழுங்கா'வை அவன் கொஞ்சம் அழுத்திச் சொன்னதாக இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

மதியச் சாப்பாட்டின்போது விஷயத்தை எடுத்தேன்.

"உங்களுக்கு எதுக்கு?" என்றாள் பானு.

"சும்மாதான். கத்துக்கிடலாம்னு."

உண்மை அதுவல்ல. எனக்கு இந்த வீட்டில் உட்கார ஓர் இடம் வேண்டும். காலையில் அர்வா கல்லூரிக்குப் போய்விடுகிறாள். முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். ஆட்கள் துணியோடு வருவார்கள், போவார்கள். நான் நாற்காலியில் காலை மடக்கி வழி விடுவேன். விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பவன் மாதிரி. இதை எப்படிச் சொல்வது?

பானு கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னாள். "கேட்டுக்கிடுங்க. எனக்கு அந்தச் சாப்ட்வேரோட குடுத்த சிடி ஒடஞ்சு போச்சு. வித்த கடையும் இப்ப கெடையாது. என் பக்கம் அழிஞ்சிட்டுன்னா மறுபடி ஏத்த முடியாது. மெஷினு சும்மா நிக்கும். அதோட, டி டிரைவ்ல பதினோரு வருச டிசைனு கெடக்கு."

"தெரியும்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

நியாயமான கேள்வி.

கடைசியில் அர்வாதான் எனக்காகப் பேசினாள். "போட்டுக்கிடட்டும்மா. அப்பத்தான் என் பக்கம் வரமாட்டாங்க."

அனுமதி கிடைத்துவிட்டது. ஒரே நிபந்தனை: ஆர்டர் இருக்கும்போது கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. சரி என்றேன்.

ஜனவரி 13, செவ்வாய்

புன்னைக்காயல் போய் வந்தேன். பஸ் ஆழ்வார்திருநகரி தாண்டியதும் வழி முழுக்க வாழைத் தோப்பு, பச்சை. ஜெனோ பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தான். செய்ய வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதியும் கொடுத்தான். முதல் வரி: 'காப்பி எடுக்காமல் கை வைக்காதே.' அடியில் இரண்டு கோடு.

திரும்பும்போது பெரிய சாளை மீனாகப் பார்த்து வாங்கி வந்தேன். பென் டிரைவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மீனுக்கு நல்ல வரவேற்பு.

ஜனவரி 17, சனி

லினக்ஸைக் கம்ப்யூட்டரில் நிறுவாமலேயே, பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாமாம். ஓட்டினேன். ஓடியது! பச்சை நிறத்தில் அமைதியான திரை. எந்தக் கட்டமும் வந்து என்னைப் பயமுறுத்தவில்லை. தமிழில் தட்டச்சு செய்யவும் வசதி இருந்தது. 'தாஜ் முகம்மது' என்று அடிக்க ஏழு நிமிடம் ஆயிற்று. இத்தனை வருடம் கம்பெனிக் கம்ப்யூட்டரில் என் பெயரை ஆங்கிலத்தில் மட்டுமே அடித்திருக்கிறேன்; பாதி நாள் அதுகூட இல்லை, வெறும் ஊழியர் எண்.

அர்வா பின்னால் வந்து நின்று பார்த்தாள். "பரவால்லியே வாப்பா. என்னோடத விட வேகமா இருக்கு."

பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் உள்ளுக்குள் ரொம்ப சந்தோஷம்.

ஜனவரி 19, திங்கள்

சிக்கல். இடம் இருக்கிறது, ஆனால் இல்லை.

டி டிரைவைச் சுருக்கி, அறுபது ஜிபி காலி இடம் உண்டாக்கினேன். அதில் போடு என்றால் 'பயன்படுத்த முடியாத இடம்' என்கிறது. காலியாகத்தான் கிடக்கிறது, ஏன் பயன்படாது? ஜெனோவைக் கேட்டேன். இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டரில் வட்டை நான்கு பாகமாகத்தான் பிரிக்க முடியுமாம். விண்டோஸ் தனக்கென்று ஒளித்து வைத்திருக்கும் சின்னப் பாகம் ஒன்று. பானு, அர்வா ஆளுக்கு ஒன்று. டிசைன்கள் இருக்கும் டி ஒன்று. நாலும் முடிந்தது. ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை.

"அப்ப என்ன செய்ய?"

"டி-ய எடுக்கணும் வே. எடுத்துட்டு, அந்த எடத்தையே பெரிய கூடம் மாதிரி ஒரு பாகமா ஆக்கி, உள்ளுக்குள்ள தடுத்துக்கிடலாம். ஒரு தடுப்பு டிசைனுக்கு, ஒரு தடுப்பு உமக்கு. உள்ள எத்தன தடுத்தாலும் கேள்வி கெடையாது."

எடுப்பது என்றால் அழிப்பது. பதினோரு வருடத்தை அழித்துவிட்டு மறுபடி வைப்பது.

பானுவிடம் சொன்னேன். சட்டையின் கையை மெஷின் பிரேமில் மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "எத்தன டிசைனு இருக்குன்னு எண்ணியிருக்கீயளா?"

"இல்ல."

"மொதல்ல எண்ணுங்க."

ஜனவரி 21, புதன்

எண்ணினேன். இது எனக்குத் தெரிந்த வேலை. ஒரு கிடங்கைப் பூட்டுவதற்கு முன் எப்படிக் கணக்கெடுப்போமோ அப்படி. நோட்டில் கட்டம் போட்டு, வருட வாரியாக, கோப்புறை வாரியாக எழுதினேன். மொத்தம் 4,312 கோப்புகள்.

வெறும் எண்ணிக்கைக்காகத்தான் ஆரம்பித்தேன். பிறகு திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டேன். 2014இல் முதல் ரோஜா கோணலாக இருக்கிறது, இதழ் ஒரு பக்கம் வீங்கி. 2016இல் அர்வாவின் பள்ளி பெல்ட்டுக்குப் பெயர். 2018இல் ஒரே மாதத்தில் நாற்பது கல்யாண முந்தானை. அந்த மாதம் போனில் "கொஞ்சம் வேலையா இருக்கேன்" என்று மட்டும் சொல்லியிருப்பாள். கொரோனா வருடத்தில் முகக்கவசத்துக்கு வண்ணத்துப்பூச்சி. தேதி தேதியாக இருக்கிறது. நான் இல்லாத வருடங்கள் இந்த வட்டுக்குள் வரிசையாக இருக்கின்றன.

2015, ஜூலை. thaj1 என்று ஒரு கோப்பு. அடுத்து thaj2, thaj3. ஒன்பது வரை போகிறது. திறந்தேன். என் பெயரின் முதல் எழுத்து, சுற்றி ஒரு கொடி. முதல் எட்டிலும் கொடி எழுத்தோடு மோதுகிறது. ஒன்பதாவதில் சரியாகச் சுற்றி வருகிறது.

அந்தக் கைக்குட்டை. கேம்பில் கூட இருந்த சல்மான் ஃபாரிஸ் ஊரில் லீவு முடிந்து வரும்போது கொண்டுவந்து தந்தான். கடையில் வாங்கியது என்றல்லவா நினைத்தேன்? வெயிலில் முகம் துடைத்துத் துடைத்து, கேம்ப் சலவையில் எங்கோ தொலைத்தும் விட்டேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னேனா? நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

சொல்லிவிட்டேன். அவள் நூல் கோர்த்துக்கொண்டிருக்கும்போது. "தாஜ் ஒம்பது பார்த்தேன்."

முதலில் விளங்கவில்லை. பிறகு முகம் சிவந்துவிட்டது. பத்து வருடம் கழித்து வெட்கம்.

"அதையெல்லாமா தொறந்து பாத்தீய? எண்ணத்தான சொன்னேன்?"

"தொலச்சிட்டேன் பானு. கடையில வாங்குனதுன்னு நெனச்சேன்."

"கடையில வாங்குனது மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டுவிட்டாள்! நாள் முழுக்க நல்ல குஷியில் இருந்தாள்.

ஜனவரி 26, திங்கள்

டிசைன்களை வெளி வட்டு ஒன்றில் ஒரு காப்பி எடுத்தாயிற்று. அர்வாவின் பக்கத்தில் இன்னொரு காப்பி. அவள் பெரிய மனது பண்ணி, பாஸ்வேர்டை அவளே அடித்துத் திறந்துவிட்டாள். இரண்டிலும் எண்ணினேன். 4,312. 4,312. நோட்டில் கையெழுத்துப் போட்டேன். பானுவையும் போடச் சொன்னேன். "கிறுக்கு" என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

சீவலப்பேரியிலிருந்து மாரிக்கண்ணு வந்திருந்தாள். தையல்காரி, எம்பிராய்டரி வேலையெல்லாம் பானுவிடம்தான் தருவாள். ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு, நடனமாடும் பிள்ளைகளின் இடுப்புப் பட்டை. அறுபத்து நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு மயில். சனிக்கிழமை காலையில் வேண்டுமாம்.

"சனிக்கெழம வர பொறுங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்" என்றாள் பானு என்னிடம்.

ஜனவரி 29, வியாழன்

பொறுக்கவில்லை.

ஏன் பொறுக்கவில்லை? எழுதி வைக்கிறேன், பிறகு நானே படிக்க வேண்டும். பானு நூல் வாங்க டவுனுக்குப் போனாள், வர மூன்று மணி நேரம் ஆகும். மயில் டிசைன் ஏற்கெனவே பென் டிரைவில் மெஷினில் இருக்கிறது, கம்ப்யூட்டர் தேவைப்படாது. காப்பி இரண்டு இருக்கிறது. வேலையை முடித்து வைத்தால் அவள் வந்து பார்த்து — என்ன, கைதட்டுவாள் என்று நினைத்தேனா? ஆமாம், நினைத்தேன்.

ஜெனோவின் தாளை வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்தேன். டி-யை எடுத்தேன். கூடம் போட்டேன், தடுத்தேன், டிசைன்களைத் திரும்ப வைத்தேன், எண்ணினேன், 4,312. லினக்ஸை நிறுவினேன். இருபது நிமிடம். அணைத்துப் போடச் சொன்னது. போட்டேன்.

கறுப்புத் திரையில் பட்டியல். லினக்ஸ். அதன் கீழே விண்டோஸ் பத்து. அவ்வளவுதான்.

ஏழு இல்லை.

மேலே போனேன், கீழே போனேன். இல்லை. அணைத்துப் போட்டேன். இல்லை. யா அல்லாஹ், பானு பக்கத்தக் காணோம். நான் என்னத்தச் செஞ்சு தொலச்சேன்? சிடி கெடையாது, கடை கெடையாதுன்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னாளே! ஜெனோவுக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். ஒன்பது தடவை போட்டேன்.

அந்த நேரத்தில் பானுவே வந்துவிட்டாள். நூல் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மாரிக்கண்ணு போன் பண்ணுனா. பட்ட அகலம் கொறஞ்சிட்டாம், மயில சின்னதாக்கணும். எந்திரிங்க, கம்ப்யூட்டரப் போடணும்."

நான் எழுந்திரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"என் பக்கம் எங்க?"

சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சனிக்கெழம வர பொறுங்கன்னுதான சொன்னேன்" என்றாள், ரொம்பப் பைய. இரண்டு பேரும் அந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் எதையும் தொடவில்லை. நான் அமுக்கினால் இருக்கிறதும் போய்விடும் என்று பயம்.

நாலரைக்கு அர்வா வந்தாள். பையைப் போட்டாள், எட்டிப் பார்த்தாள், கை நீட்டி விண்டோஸ் பத்தை அமுக்கினாள். நீலத் திரை வந்தது. அதில் இன்னொரு பட்டியல். பத்து. அதன் கீழே ஏழு.

"பழைய மெனு இதுக்குப் பின்னால இருக்கு, அவ்வளவுதான். ஏன் யாரும் அமுக்கிப் பாக்கல?"

"அமுக்கித்தானம்மா உன் பக்கத்துலருந்து வெளிய போனேன்" என்றேன். பானுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அடக்கிக்கொண்டாள். இன்னும் மன்னிக்கவில்லை என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமே.

ஏழு திறந்தது. டிசைன் மென்பொருளும் திறந்தது. உள்ளே பட்டியல் வெறுமை. ஒரு டிசைன்கூட இல்லை.

இந்தத் தடவை நான் பயப்படவில்லை. நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "நாலாயிரத்து முந்நூத்திப் பன்னிரண்டும் இருக்கு. மதியம் எண்ணுனேன். எங்க இருக்குன்னு இதுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

பானு நோட்டைப் பார்த்தாள். பிறகு திரையில் வந்த பிழைச் செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "டி-ன்னு தேடுது. டி இல்ல. இப்ப இது எஃப் ஆயிட்டு." மவுஸை என் கையிலிருந்து வாங்கி எங்கெங்கோ போனாள், எஃப் என்பதை டி என்று மாற்றினாள். பட்டியல் முழுக்க நிரம்பியது. கோணல் ரோஜா முதலில்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"கொரோனா சமயத்துல விண்டோஸ் பத்த ஏத்துனப்ப இப்படித்தான் ஆச்சு. நானும் அர்வாவும் ரெண்டு நாள் அழுதோம். உங்ககிட்ட போன்ல சொன்னேனே, கம்ப்யூட்டர் சரியாயிட்டுன்னு."

சொல்லியிருக்கிறாள். நான் "சரி" என்றிருப்பேன்.

மயிலைச் சின்னதாக்கினாள். ஆறு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரேமில் மாட்டிக் கொடுக்கும் வேலை எனக்கு. கேட்காமலேயே எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

இன்னும் இருபத்தொன்று பாக்கி. பானு தேவைக்கு மட்டும் பேசுகிறாள்: பிரேம், கத்திரி, அடுத்தது.

மதியம் தம்மாமிலிருந்து பழைய சூப்பர்வைசர் அழைத்தார். புதுக் கிடங்கு திறக்கிறார்களாம், இரண்டு வருட ஒப்பந்தம், பத்து நாளில் பதில் வேண்டும். அங்கே எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எதைத் தொட்டாலும் யாருக்கும் முகம் வாடாது.

போய்விடலாமா?

ஜனவரி 31, சனி

அறுபத்து நான்கும் கொடுத்தாயிற்று. மாரிக்கண்ணு ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, "அண்ணாச்சி, மாட்டுனது நீங்களா? ஒண்ணுகூட கோணல" என்றாள்.

"அவங்களுக்கு நேரா மாட்டத் தெரியும். சொன்னா கேக்கத்தான் தெரியாது" என்றாள் பானு.

இரண்டு நாளில் அவள் என்னைப் பற்றிப் பேசிய முதல் வாக்கியம். பாதி நல்லது.

பிப்ரவரி 2, திங்கள்

இன்று நடந்ததை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க லினக்ஸில், என் பக்கத்தில், நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். இன்று காலை பானு அவள் பக்கத்தைத் திறந்தாள். மாரிக்கண்ணு, இன்னும் இரண்டு பெண்கள், முன்னறை நிறைய ஜாக்கெட் துணி. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் கம்ப்யூட்டரிலிருந்து பாங்கு. பானு அவள் பக்கத்தில் தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்லும் மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறாள். அது சொன்னது விடியற்காலைத் தொழுகைக்கான சுபுஹு பாங்கு. 'தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது' என்று, பட்டப்பகலில், முழுச் சத்தத்தில்.

பானு ஸ்பீக்கரைத் தேடி ஓடினாள். பக்கத்து வீட்டு ஷமீம் வாசலில் வந்து நின்றாள். மாரிக்கண்ணுவுக்கு அரபி தெரியாது, ஆனால் இத்தனை வருடம் இந்த ஊருக்கு வந்து போகிறவளுக்கு எந்தப் பாங்கு எந்த நேரம் என்று தெரியாதா?

"என்னக்கா, உங்க வீட்டுல இப்பத்தான் விடியுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். பானு என்னைப் பார்த்தாள். "என்ன செஞ்சீய?"

சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை. ஜெனோதான் விளக்கினான்: லினக்ஸ் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை லண்டன் நேரத்தில் வைத்துவிட்டு, நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டுமாம். விண்டோஸ் அந்த லண்டன் நேரத்தையே நம் நேரம் என்று நம்பிவிடுமாம். அதனால் ஐந்தரை மணி நேரம் பின்னால். ஒரே ஒரு வரி அடிக்கச் சொன்னான். அடித்தேன், சரியாயிற்று.

சாப்பிடும்போது பானுவுக்குத் திரும்பத் திரும்பச் சிரிப்பு. தண்ணீர் புரையேறிவிட்டது. முதுகைத் தட்டிவிட்டேன். மன்னிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பானுவிடம் தம்மாம் விஷயத்தைச் சொன்னேன். ஆறு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இட்லி மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "என்ன சொன்னீய?"

"இன்னும் சொல்லல. நீ என்ன சொல்லுத?"

"போகணும்னு இருந்தா போங்க."

"அது இல்ல கேட்டது."

மாவுச் சட்டியை மூடி வைத்தாள். "ஒவ்வொரு தடவையும் நீங்க முடிவு பண்ணிட்டுத்தான் சொல்லுவீய. என்கிட்ட யாரும் கேட்டது கெடையாது." பிறகு: "கேட்டதுனால சொல்லுதேன். போகாதீங்க. பிரேம் மாட்ட ஆளு இல்ல."

பிரேம் மாட்ட! சரி, அவள் வழியில் சொல்கிறாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

சூப்பர்வைசரை அழைத்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றார். வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று கேட்டார். எம்பிராய்டரி என்றதும் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

லினக்ஸில் எம்பிராய்டரி டிசைன் வரைய இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. நான்கு நாளாக அதோடுதான் மல்லுக்கட்டு. முதலில் ஓர் இலை வரைந்தேன். மெஷினில் போட்டதும் ஊசி ஒடிந்தது.

"இவ்வளவு நெருக்கமா தையல் வச்சா ஊசி என்ன செய்யும்? பைய எட்டி எட்டிப் போடணும்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து இடைவெளியை மாற்றிக் காட்டினாள். என் பக்கத்தில் அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. இரண்டாவது இலை இலை மாதிரி வந்தது.

"என் சாப்ட்வேரு என்னைக்காவது மண்டையப் போட்டா, இதுல ஓட்டிக்கிடலாம் போல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

எட்டு இலை. ஊசி ஒடியவில்லை.

பிப்ரவரி 14, சனி

பானுவும் அர்வாவும் காலையிலேயே காயல்பட்டினம் போய்விட்டார்கள். அஸ்ஃபியாவின் கல்யாணம், பானுவின் பெரியம்மா பேத்தி. நாளை இரவுதான் திரும்புவார்கள். நானும் போவதாக இருந்தேன். ஆனால் நேற்றுச் சாயங்காலம் மாரிக்கண்ணு முப்பது ஜாக்கெட்டோடு வந்து நின்றாள். நோன்பு தொடங்குவதற்கு முன் முடித்துத் தர வேண்டுமாம். திருப்பி அனுப்பலாமா என்று பானு யோசித்தாள். நான் இருக்கிறேன் என்றேன். என்னையும் துணிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டாள்.

ஒரு ஜாக்கெட்டில் கழுத்துக் கொடியின் அளவு ஒத்து வரவில்லை. அவள் பக்கம் போய்த் திறந்து, அரை அங்குலம் குறைத்து, திரும்பி வந்தேன். கதவைத் தட்டிவிட்டு நுழைவது மாதிரிதான் இருந்தது, ஆனாலும் போனேன்.

மதியம் பானு போன் செய்தாள். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம். பெண்ணுக்கு என்ன நிறம் புடவை, பிரியாணி எப்படி, பேருந்தில் அர்வாவுக்குத் தலை சுற்றியது எல்லாம் சொன்னாள். மீன் குழம்பைச் சுட வைத்துச் சாப்பிட்டேனா என்று இரண்டு தடவை கேட்டாள். பத்து நிமிடம் பேசினாள்.

கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஷினைப் பற்றியும் கேட்கவில்லை.

போனை வைத்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. உடனே எழுதி வைக்க உட்கார்ந்தேன். பதினேழு முடிந்திருக்கிறது, பதின்மூன்று பாக்கி. இன்னும் கொஞ்சம் எழுதலாம் — இல்லை, மெஷின் கத்துகிறது. பச்சை நூல் அறுந்துவிட்டது, போகிறேன்.